அடித்த சொல்லின் கீழே சில புள்ளிகள்

“பட்டாளத்துல ஆளு தொலைய மாட்டான்டா, ஆளோட...” என்று ஆரம்பிப்பார் ஆவல்தார் மாமா. அதற்கப்புறம் என்ன சொன்னார்? பேரு தொலையும் என்றாரா, நம்பரு தொலையும் என்றாரா, இல்லை ட்ரங்குப் பெட்டிதான் தொலையும் என்றாரா? மூன்றையும் அவர் குரலில் எனக்குள்ளே சொல்லிப் பார்க்கிறேன், மூன்றும் அவர் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. பெட்டி என்றால் அது பந்தியில் சிரிப்புக்காகச் சொன்னது. நம்பர் என்றால் பயமுறுத்த. பேர் என்றால், பேர் என்றால் அது அப்பாவுக்காகச் சொன்னதாக இருக்க வேண்டும், அப்போது அப்பா பக்கத்து இலையில் இருந்தாரா, தலை நிமிர்ந்தாரா, ஞாபகமில்லை, ரசம் இலையை விட்டு ஓடுவது மட்டும் தெரிகிறது. அம்மாவின் அண்ணன் அவர், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், இருந்திருந்தால் இந்த இரண்டு தாளையும் அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் ஒரு டீ குடித்திருப்பேன். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. நான்தான் இருக்கிறேன், வேலூரில் ஒரு டயாலிசிஸ் அறையில், அப்பாவின் கட்டிலை ஒட்டி ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலில், மடியில் பழுப்புக் கவர், கவருக்கு மேலே ஜெராக்ஸ் தாள்கள். அப்பாவின் இடது கையிலிருந்து ஒரு குழாய் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போகிறது, இன்னொரு குழாய் திருப்பிக் கொண்டுவருகிறது, போகிறது எது வருகிறது எது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. “நாலு மணி நேரம் சும்மாதானே உக்காந்துகினு இருக்கப் போற, அத படிச்சி முடி” என்று ஊசி குத்தும்போதே சொல்லிவிட்டார். “மத்ததெல்லாம் எனக்கு வேணாம் பூபாலா. ஒரே ஒரு விசயம். அந்தாளு செத்தாரா, ஓடிட்டாரா. கெளம்பறதுக்குள்ள சொல்லிடு.” சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தாளு என்றால் அவருடைய அப்பா. எனக்குத் தாத்தா, ஆனால் இருபத்து மூன்று வயசோடு நின்றுபோன ஒருவனைத் தாத்தா என்று கூப்பிட வாய் வரமாட்டேன் என்கிறது, என் தலையில் பாதி நரைத்துவிட்டது, அவனுக்கு மீசையே சரியாக வந்திருக்காது. கன்னியப்பன். கன்னியப்பன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஷீட் ரோல் என்று இந்தத் தாளுக்குப் பேர், ஒரு சிப்பாய் சேர்ந்ததிலிருந்து கழிந்தது வரை இரண்டு பக்கத்தில் அடக்கிவிடுகிறார்கள், அடங்குவதற்காகவே எல்லாச் சொல்லையும் வெட்டி வைத்திருக்கிறார்கள், வாலில்லாத சொற்கள், தலை மட்டும் இருக்கிற சொற்கள். ஈ.என்.ஆர். என்றால் சேர்க்கப்பட்டான். டி.ஆர்.ஜி. என்றால் பயிற்சி. எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், பாலம் கட்டுகிறவன், பாலத்தை உடைக்கிறவனும் அவன்தான். இதெல்லாம் எளிது, இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பட்டியல் போட்டு வைத்திருக்கிறான், போன வாரமே எழுதி வைத்துக்கொண்டேன். ஏ/எல் என்றால் வருடாந்திர விடுப்பு, நாற்பதாம் வருஷம் அறுவடைக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறான், அந்த ஏ/எல்-லிலிருந்து விரலை மடக்கி எண்ணினால் அப்பா பிறந்த மாதம் வருகிறது, எண்ணிய பிறகு எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது, கதவைத் தட்டாமல் உள்ளே போனதுபோல. அந்த இரண்டு எழுத்துக்குள்தான் அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன், ஸ்காட்லாந்தில், டண்டீயில் தன் அம்மாவோடு இருக்கிற என் மகள் இருக்கிறாள். யாரோ ஒரு குமாஸ்தா பேனாவை உதறிவிட்டு எழுதியது. பிறகு கப்பல். பிறகு ரங்கூன். அங்கே ஓர் ஆஸ்பத்திரி, ஐ.ஜி.எச்., அதற்குப் பக்கத்தில் என்.ஒய்.டி., அதற்கு அர்த்தம் இன்னும் கண்டுபிடிக்கப்படாதது, அதாவது காய்ச்சல் இருக்கிறது, என்ன காய்ச்சல் என்று தெரியவில்லை. இன்னும் கண்டுபிடிக்கப்படாதது என்று ஒரு வியாதிக்குப் பேர் வைக்கலாமென்றால் மனிதனுக்கும் வைக்கலாம். கண்டுபிடிக்காமலேயே திருப்பி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், அதற்கும் ஒரு வெட்டுச்சொல் இருக்கிறது. அப்புறம் அந்த வரி. நாற்பத்திரண்டாம் வருஷம், பிப்ரவரி, இருபத்து மூன்று. பர்மாவில் சிட்டாங் என்று ஓர் ஆறு, ஜப்பான்காரன் வந்துகொண்டிருக்கிறான் என்று பாலத்தை நம்மவர்களே வெடி வைத்துத் தகர்த்த நாள், தகர்த்தபோது பாதிப் படை இன்னும் அக்கரையில்தான் நின்றுகொண்டிருந்தது, அதை நான் புத்தகத்தில் படித்தேன். கன்னியப்பன் எந்தக் கரையில் நின்றான் என்பது புத்தகத்தில் இல்லை. தாளிலும் இல்லை. தாளில் இருப்பது ஓர் அடித்தல், ஒரு திருத்தம், அதற்குக் கீழே, அதற்குக் கீழே இருப்பதைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது, முதலில் கடைசி வரியைப் பார்ப்போம், கடைசி வரி சுத்தமாக இருக்கிறது, எஸ்.ஓ.எஸ்., தேதி, ஒரு உத்தரவு எண், கையெழுத்து.

“அத்த எத்தினி தபா பாப்பீங்க தம்பி, பரீட்சைக்கா போறீங்க?” பக்கத்துக் கட்டிலிலிருந்து அத்தாவுல்லா பாய். ஆம்பூர்க்காரர், தோல் வியாபாரம், வாரத்துக்கு மூன்று தடவை அப்பாவுக்குப் பக்கத்தில் படுக்கிறார், இருவருக்கும் தண்ணீர் குடிக்கக் கட்டுப்பாடு, அதனால் இருவரும் தண்ணீரைப் பற்றியே பேசுவார்கள், எந்த ஊர்க் கிணறு, எந்தக் கடை மோர். வாயில் அரை எலுமிச்சம்பழத்தை வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். சொன்னேன், எங்கள் தாத்தாவின் பட்டாளத்து ரெக்கார்டு, எல்லாம் சுருக்கெழுத்தாக இருக்கிறது, கடைசியில் எஸ்.ஓ.எஸ். என்று முடிகிறது. “எஸ்.ஓ.எஸ்-ஸா?” என்றார் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் ஜெபராஜ். “அது தெரியாதா சார்? தேவைப்பட்டா மட்டும். பாருங்க, அப்பா சீட்டுல கூட வாந்தி மாத்திரைக்கு எஸ்.ஓ.எஸ்-னுதான் டாக்டர் எழுதியிருக்காரு.” பாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சரியாத்தான்யா எழுதிகிறான். பட்டாளத்துல ஆளுங்கள அப்படித்தான் வெச்சிருந்தான் வெள்ளக்காரன், தேவப்பட்டா மட்டும்!” நானும் சிரித்தேன். உண்மையில் அதற்கு அர்த்தம் படைக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டான் என்பதுதான், செத்தவனையும் நீக்குவார்கள், வேறு படைக்கு மாறினவனையும் நீக்குவார்கள், ஓடினவனையும் நீக்குவார்கள், எல்லாருக்கும் ஒரே மூன்று எழுத்து, இதைச் சொன்னால் சிரிப்பு கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் ஜெபராஜ் சொன்னதிலிருந்து அப்பாவின் சீட்டு கண்ணில் உறுத்த ஆரம்பித்துவிட்டது. கட்டிலின் கால்மாட்டில் கிளிப் போட்டுத் தொங்குகிறது. அதிலும் வெட்டுச்சொற்கள். பி.பி. தெரியும். டி.டபிள்யூ. தெரியும், தண்ணீர் எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை. போன வாரம் பெரிய டாக்டர் வந்து புதிதாக இரண்டு எழுத்து எழுதி அடிக்கோடு போட்டார், பி.எக்ஸ்., அதாவது நோய் இனி எப்படிப் போகும் என்கிற கணிப்பு, அதற்குப் பக்கத்தில் ஒரு சொல், அது வெட்டாத முழுச் சொல், கார்டட். எனக்கு அதன் அர்த்தம் தெரியும். தெரிந்தும் அகராதியில் பார்த்தேன். ஒன்றும் சொல்வதற்கில்லை, எதற்கும் தயாராக இருங்கள் என்பதைக் கௌரவமாகச் சொல்வது. கன்னியப்பனின் தாளை மடித்து அதைப் படித்தேன், அதை விட்டுவிட்டு இதைப் படித்தேன், என்.ஒய்.டி. எந்தத் தாளில் இருந்தது, ஒரு நிமிஷம் குழம்பிப் போய்விட்டது, காய்ச்சல் யாருக்கு, ரங்கூனில் படுத்திருப்பது யார். அப்பாவுக்கு எப்போதும் குளிர்கிறது, இரண்டு போர்வை, அதற்கு மேலே என் துண்டு.

இனித் தள்ளிப்போட முடியாது. அந்த வரி. முதலில் ஒருவர் ஏ.பி.எஸ். என்று எழுதியிருக்கிறார். ஆப்சென்ட், ஆஜராகவில்லை, அனுமதி இல்லாமல் போய்விட்டான், நாள் கடந்தும் திரும்பாவிட்டால் ஒரு விசாரணை வைத்து ஓடிப்போனவன் என்று முடித்துவிடுவார்கள். பிறகு யாரோ அந்த மூன்றெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, தலைக்கு மேலே எம்.எஸ்.ஜி. என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருக்கிறார். மிஸ்ஸிங். காணவில்லை. அதாவது அவனாகப் போகவில்லை, சண்டை அவனைக் கொண்டுபோய்விட்டது, ஆறு கொண்டுபோய்விட்டது. இத்தோடு இருந்திருந்தால் நான் எப்போதோ அப்பாவை எழுப்பியிருப்பேன். ஆனால் அடித்த ஏ.பி.எஸ்.-க்குக் கீழே புள்ளிகள் இருக்கின்றன. ஒரு வரிசை. கொஞ்சம் கோணல். டண்டீயில் சட்டப் புத்தகங்கள் அச்சடிக்கிற ஒரு நிறுவனத்தில் நான் பத்தொன்பது வருஷம் மெய்ப்பு பார்த்தேன், அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி வைத்தால் அடித்தது தப்பு, சொல் இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம், என் கையே அப்படி ஆயிரம் சொற்களைச் செத்த பிறகு எழுப்பி விட்டிருக்கிறது, கமா முதற்கொண்டு. எங்கள் மேலாளர் மக்ஃபீ சொல்வார், புள்ளி வைத்தால் போதாது, ஓரத்தில் நிற்கட்டும் என்று எழுதவும் வேண்டும், இல்லாவிட்டால் அச்சுக்கோப்பவன் ஈ உட்கார்ந்தது என்று நினைத்துக்கொள்வான். ஓரத்தில் எழுதியிருக்கிறதா? ஓரம் ஜெராக்ஸில் இல்லை. தைத்த இடம், நகலெடுக்கும்போது மடிந்துவிட்டது, ஒரு கறுப்புப் பட்டைதான் இருக்கிறது. பட்டாளத்து ரெக்கார்டு ஆபீஸுக்குப் போன் செய்து கேட்டேன், ஒரு அம்மாள் பொறுமையாகத்தான் பதில் சொன்னார், மூலம் நொறுங்குகிற நிலையில் இருக்கிறது சார், மனு போடுங்கள், மேலிடத்தில் அனுமதி வாங்கி ஒருவர் பிரித்துப் பார்க்க வேண்டும், மூன்று மாதமாவது ஆகும். மூன்று மாதம். கால்மாட்டில் கிளிப்பில் அந்தச் சொல் தொங்குகிறது. தாளை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறேன், விரல் நுனியால் தடவுகிறேன், ஜெராக்ஸில் எல்லாமே வழவழப்பு, மசியும் ஒன்றுதான் ஓட்டையும் ஒன்றுதான். ஜெபராஜ் தன் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். “ஊசி குத்தின மாதிரி இருக்கு சார். எப்பவோ குண்டூசி குத்திக் குத்தி எடுத்திருப்பாங்க.” பாய் கையை நீட்டினார், ஊசி இல்லாத கையை. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். “இது உண்ணி கடிச்சது” என்றார் தீர்மானமாக. “பாய், இது ஆடு இல்ல, பேப்பர்” என்றார் ஜெபராஜ். “அட போப்பா, நல்ல தோல்ல இதே மாதிரி வரிசையா வுழும், பத்து ரூபா தோலு அஞ்சு ரூபாக்குப் போவும். பேப்பர்ல பூச்சி இருக்காதா?” ஒருவருக்கு ஊசி, ஒருவருக்கு உண்ணி, எனக்கு மெய்ப்பு. ஆளுக்கொரு பிழைப்பு கண்ணில் உட்கார்ந்திருக்கிறது. உலகத்தில் வேறு யாராவது இந்தத் தாளைப் பார்த்திருந்தால் புள்ளியைப் பார்த்தே இருக்கமாட்டார்கள், காணவில்லை என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். பட்டாளத்துக் குமாஸ்தாவுக்கு மெய்ப்புத் திருத்தக் குறி தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கலாம். அச்சாபீஸில் வேலை பார்த்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவனாக இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம், இப்படியே போனால் பாய் சொன்ன உண்ணிக்கும் ஒரு ஊர் பேர் வைத்துவிடுவேன்.

எளிதான வழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் காலையில் ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. காணவில்லை என்று போட்டிருக்கிறது அப்பா, சண்டையில் போய்விட்டார். அவ்வளவுதான். பொய்யும் இல்லை, மேலே எழுதியிருப்பது அதுதான், ஒப்பம் போட்டிருப்பது அதற்குத்தான். எண்பது வருஷமாக இவருக்கு ஊரில் ஓடிப்போனவன் மவன் என்று பேர். பள்ளிக்கூடத்தில் பம்பரம் விடும்போது ஜெயித்தால்கூட, ஓடிப்போனவன் மவனே பம்பரத்த எடுத்துகினு ஓடிறாதடா என்பார்களாம், இதை அப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னார், சிரித்துக்கொண்டே. பர்மாவில் ஒருத்தியை வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான் என்பது ஊர்க் கதை. மணியார்டர் நின்றது எப்போது என்று கேட்டால் அத்தை ஒன்று சொல்வாள், அத்தை வீட்டுக்காரர் இன்னொன்று சொல்வார். அந்தப் பேரைத் துடைத்துவிட்டுப் போகத்தான் இவர் கேட்கிறார், வேறு எதற்குக் கேட்பார், மகனுக்கு இங்கிலீஷ் தெரியும், மகன் திரும்பி வந்துவிட்டான், கேட்கிறார். துடைத்துவிடலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் ஒன்று இடறுகிறது. அமாவாசை. ஆடி அமாவாசை வரும், தை அமாவாசை வரும், ஊரில் எல்லாரும் பாலாற்றுக்குப் போவார்கள், தண்ணி இல்லாவிட்டால் மணலில் ஊற்று தோண்டி அந்தத் தண்ணியில் எள்ளைக் கலந்து செத்துப்போன அப்பனுக்கு விட்டுவிட்டு வருவார்கள், அப்பா மட்டும் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். அம்மா கத்துவாள். “பெத்த அப்பனுக்கு ஒரு கை தண்ணி வுடாத மனுசன் எனக்கு இன்னா செய்யப் போறாரு?” அப்பா செருப்பைத் தேடுவார். கறுப்புச் சட்டைக் கட்சி என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் அம்மா போன பிறகு அம்மாவுக்கு ஒவ்வொரு அமாவாசையும் விடுகிறார், அது எனக்கு ஸ்காட்லாந்தில் இருக்கும்போது போனில்தான் தெரியும், அப்போது அது ஏன் என்று கேட்கவில்லை, மனசு இளகிவிட்டது, வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மனைவிக்கு விடுகிறவர் அப்பனுக்கு ஏன் விடவில்லை? கோபமா? ஓடிப்போனதற்கு எண்பது வருஷக் கோபமா? அப்படியானால் காணவில்லை என்று சொன்னால் கோபம் போய்விடும், போய்விட்ட பிறகு என்ன இருக்கும், டி.வி.யில் சத்தமில்லாமல் ஒரு பெண் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள், நறுக்கி நறுக்கி, எல்லாம் ஒரே அளவு.

மெஷின் கத்தியது. அப்பாவுக்குக் காலில் குரக்குவலி பிடித்துவிட்டது, “யப்பா யப்பா” என்று முழங்காலை மடக்கப் பார்க்கிறார், கையை ஆட்டிவிட்டார், ஜெபராஜ் ஓடி வந்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார், “பாதத்த மேல தள்ளுங்க சார், நல்லா அழுத்தி”, நான் தாளைக் கட்டிலில் போட்டுவிட்டு அப்பாவின் பாதத்தை உள்ளங்கையில் வைத்துத் தள்ளினேன், குளிர்ந்திருந்தது, கட்டைவிரல் நகம் கெட்டியாக மஞ்சளாக இருந்தது, இந்தக் காலை நான் இதற்குமுன் தொட்டிருக்கிறேனா, விழுந்து கும்பிட்டிருக்கிறேன், தொட்டதில்லை. கெண்டைக்கால் கல் மாதிரி இருந்து மெல்ல மெல்ல இளகியது. “வுட்டுச்சா?” “வுட்டுச்சி, வுட்டுச்சி. கைய எடுக்காத.” எடுக்கவில்லை. “ஐஸ் கட்டி ஒண்ணு இருந்தா குடு ஜெபராஜி.” “போன தடவ குடுத்ததுக்கே டாக்டர் என்னத்தான் திட்டினாரு, தாத்தா.” “அந்த டாக்டர ஒருநாளு எம்பக்கத்துல படுக்கச் சொல்லு.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு கண்ணைத் திறக்காமலேயே, “படிச்சிட்டியா?” என்றார். படித்துக்கொண்டே இருக்கிறேன் என்றேன். சரியாகத் தெரியவில்லை, திருத்தியிருக்கிறார்கள் என்றேன். பர்மாவில் ஓர் ஆற்றங்கரைச் சண்டையில் காணாமல் போனதாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று அவர் முகத்தைப் பார்க்காமல், பாதத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கால் விரல்கள் என் கைக்குள் மடங்கின. “போலிருக்குதா, இல்ல இருக்குதா?” என்றார். பிறகு அவர் பேசினது முழுக்கவும் ஒரே மூச்சில், தூக்கத்தில் பேசுகிற மாதிரி. “அந்த ஆத்தாண்டயே செத்துட்டாருன்னு வையி. நான் கைக்கொழந்த. அன்னியிலருந்து அந்தாளுக்கு ஒண்ணுமே இல்ல, ஒரு வாய் தண்ணி இல்ல. வுட வேண்டியவன் நான் ஒருத்தன்தான். நான் வுடல. உங்கம்மா கத்துவா, எனக்குக் காதுல வுழாதா? உசுரோட இருக்கறவனுக்கு எப்படிடா எள்ளுந்தண்ணியும் வுடறது, கையி நடுங்காதா? எல்லாரும் ஓடிட்டான் ஓடிட்டான்னாங்க. சரி, ஓடிட்டாருன்னா எங்கியோ இருக்காருன்னுதானே? எங்கியோ ஒரு ஊர்ல கட வெச்சிருப்பாரு. எவளயாச்சும் கட்டிகினு இருப்பாரு, இருக்கட்டுமே, புள்ள பொறந்திருக்கும், தல நரைச்சிருக்கும், பல்லு கொட்டியிருக்கும். கெழவனாவறது நல்ல விசயம்டா பூபாலா. என்னைக் கட்சிக்காரன்னு நெனச்சிகினு இருந்தாங்க. நானும் அப்படியே வுட்டுட்டேன், அதுவும் நல்லதுக்குத்தான்னு.” பாய் எலுமிச்சம்பழத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். “இப்ப இருக்க மாட்டாரு. எனக்கே எண்பத்தி மூணு, எனக்குத் தெரியாதா. ஆனா இத்தினி வருசம் நான் வுடாம இருந்தது சரியா, தப்பா? தப்புன்னா இந்தத் தை அமாவாசைக்கு என்னை எப்படியாவது பாலாத்துக்கு இட்டுனு போயிடு, தூக்கிகினாவது போயிடு. அப்பறம் உனக்கு வேல இருக்காது.”

எதைத் துடைக்க வந்தேன். ஓடிப்போனவன் என்பது வசவு என்று நினைத்துக்கொண்டு வந்தேன், அதை அவர் போர்வை மாதிரிப் போர்த்திக்கொண்டு இருந்திருக்கிறார், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கந்தலாகத் தெரிந்தது. இப்போது தாளை எடுத்துப் பார்த்தால் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, எது நல்ல சொல் எது கெட்ட சொல் என்பது தலைகீழாகிவிட்டது, புள்ளிகள் மட்டும் அதே இடத்தில். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவை ஓட்டையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன், இப்போது மசியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், வேண்டிக்கொள்கிற கண்ணுக்கு எது தெரியும்? பார், நேராக இருக்கின்றன என்று ஒரு மனசு, கோணல்தான் என்று இன்னொன்று. காணவில்லை என்றாலும் செத்தான் என்று அர்த்தமில்லையே, பிடிபட்டிருக்கலாம், நீந்திப் போயிருக்கலாம், ஓடினான் என்றாலும் பிழைத்தான் என்று இல்லையே, மறுநாளே ஒரு காட்டில் அந்தப் பேர் தெரியாத காய்ச்சல் திரும்ப வந்திருக்கலாம், இரண்டு சொல்லுக்குள்ளும் இரண்டும் இருக்கிறது, ஆனால் இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது, நான் இரண்டு மொழியில் படித்தவன், இரண்டிலும் வாக்கியம் வரவில்லை. மனு போடலாம், மூன்று மாதம், அதற்குள் தை வந்து போய்விடும், தை மட்டுமா. பாலாற்றங்கரையில் இவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போவதை நினைத்துப் பார்க்கிறேன், மணலில் நாற்காலிக் கால் புதையும், ஐயர் பேர் கேட்பார், கோத்திரம் கேட்பார், உள்ளங்கையில் தண்ணியை ஊற்றுவார், குடிக்கக் கூடாத தண்ணி, கட்டைவிரல் வழியாக அதை விடும்போது இவர் முகம் எப்படி இருக்கும், எண்பது வருஷத் தாகத்துக்கு ஒரு கை. மக்ஃபீயிடம் கேட்டால் என்ன சொல்வார், ஓரத்தில் எழுதாத புள்ளி செல்லாது, தம்பி, மேலே இருக்கிறதைப் போட்டு அனுப்பு என்பார். சரியாகத்தான் சொல்வார். அவருக்குப் பாலாறு தெரியாது. மெஷின் இந்தத் தடவை வேறு மாதிரி, பாட்டு மாதிரி ஒலித்தது, முடிந்துவிட்டது என்று அர்த்தம், ஜெபராஜ் கையுறை மாட்டிக்கொண்டு வந்து ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து, “அழுத்திப் புடிங்க சார்” என்று என் விரலை அங்கே வைத்தார். விரலுக்குக் கீழே அப்பாவின் ரத்தம் தடதடவென்று ஓடியது, பயமாக இருந்தது, அவ்வளவு பலமாக ஓடும் என்று நான் நினைக்கவில்லை. அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “சொல்லு” என்றார்.

ஓடிப்போய்விட்டார் என்றுதான் போட்டிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன்.